அழித்து எழுதிய 10.6

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் தரம்பார்த்தல், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவைக் கணக்கிடுவது, செய்தவர்களுக்கு அந்த அட்டவணை நினைவிருக்கும். பியூரெட்டின், அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயின், தொடக்க அளவு, முடிவு அளவு, செலவான கரைசலின் பருமன் என்று மூன்று கட்டம். கடைசியில் ‘ஒத்த அளவு’ என்று ஒரு கட்டம். எனக்கு முதல் முறை 10.6 மில்லிலிட்டர் வந்தது. இரண்டாம் முறை 10.2. மூன்றாம் முறையும் 10.2. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். “மொதல்ல இருக்கிறதையும் 10.2ன்னு போடுடா. மூணும் ஒண்ணா இருந்தா கேள்வியே கேக்க மாட்டாங்க.” ரப்பரை எடுத்து 6ஐ அழித்தேன், 2 என்று எழுதினேன். மதிப்பெண் முழுதாக வந்தது.

இதைப் பெரிய பாவமாகச் சொல்லவில்லை. அந்த வரிசையில் நின்ற எல்லாருடைய நோட்டிலும் அன்று ஏதோ ஓர் எண் அழிந்திருக்கும். ஆனால் பரீட்சைக் கவலை இல்லாமல், ஆற அமர வேதியியலின் அடிப்படைகளைத் திரும்பப் படிக்க ஆரம்பித்தபோது அந்த 10.6 அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தது. அணு, தனிம அட்டவணை, மோல் என்று முதல் சில பாடங்களில் வருகிற எதை எடுத்தாலும், அதற்குப் பின்னால் ஒத்துவராத ஓர் எண்ணும், அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரும் இருந்தார்கள். சிலர் எண்ணை அப்படியே விட்டார்கள். சிலர் என்னைப் போல ரப்பரை எடுத்தார்கள். ரப்பர் எடுத்தவர்களில் ஒருவர் மிகப் பெரிய ஆள். அவரிடம் பிறகு வருகிறேன்.

பாடப்புத்தகங்களில் அளவீடு என்பது வாசலில் போட்ட கால்மிதி மாதிரி. அலகுகள், முக்கிய எண்ணுருக்கள், பிழைகள் என்று சில பக்கம். மிதித்துவிட்டு உள்ளே போய்விடுவோம். உள்ளே போனதும் அணு வந்துவிடும். நடுவில் ஒரு கரு, சுற்றிலும் வட்டங்கள், வட்டங்களில் புள்ளிகள். இந்த வரிசை ஒரு தவறான எண்ணத்தை மனதில் போட்டுவிடுகிறது: அணு என்று ஒன்று இருப்பது முதலில் தெரிந்தது, அப்புறம் அதை அளந்தார்கள் என்று. நடந்தது தலைகீழ். அணுக்களைத் தனித்தனியாகப் படமாகக் காட்டிய முதல் நுண்ணோக்கி 1950களில்தான் வந்தது. அணு எடைகளின் முதல் பட்டியல் 1803இலேயே வந்துவிட்டது. ஆளைப் பார்க்காமலேயே 150 ஆண்டுகள் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தல் என்றால் எடை பார்ப்பது. நிறுவுதல் என்றால் மெய்ப்பிப்பது. இரண்டும் ஒரே வேரா என்பதை இலக்கணக்காரர்கள் சொல்லட்டும். வேதியியலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான்.

முதலில் அந்தக் கால்மிதியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்போம். நாங்கள் பயன்படுத்திய பியூரெட்டில் 0.1 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு. கரைசலின் மேற்பரப்பு கண்ணாடிக்குள் கிண்ணம்போல் வளைந்திருக்கும். அந்த வளைவின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணை நேராக வைத்துப் பார்க்க வேண்டும். கண் மேலே இருந்தால் ஓர் அளவு, கீழே இருந்தால் வேறு அளவு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் பாதி என்று மதிப்பிடலாம், அதாவது 0.05 வரை சொல்ல முடியும். அப்படிப் பார்த்தவர் 10.20 என்று எழுத வேண்டும், 10.2 என்று அல்ல. கணக்கு ஆசிரியருக்கு இரண்டும் ஒன்று. ஆய்வகத்தில் இவை இரண்டு வேறு வாக்குமூலங்கள். 10.2 என்பவர், பத்தில் ஒரு பங்கு வரை பார்த்தேன் என்கிறார். 10.20 என்பவர், அதற்கு அடுத்த இலக்கத்தையும் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்கிறார். கடைசியில் நிற்கும் அந்தப் பூஜ்யம் வெறும் அலங்காரம் இல்லை, ஒரு சாட்சி. முக்கிய எண்ணுருக்கள் பற்றிய விதிகளை நான் மனப்பாடம் செய்தேனே தவிர, இந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை. சொன்னபோது நான் கவனிக்காமலும் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. மூன்று அளவும் ஒன்றாக இருப்பதும், அளவு சரியாக இருப்பதும் ஒன்றல்ல. 2 கிலோ கூட்டிக் காட்டுகிற எடைப் பொறி நாள் தவறாமல் ஒரே எண்ணைக் காட்டும். அதன் ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. காட்டுவது மட்டும் பொய்.

இனி எடைபோட்டவர்களின் கதை. 18ஆம் நூற்றாண்டில், பொருள்கள் எரியும்போது ஃபுளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். விறகு எரிந்து சாம்பலாகிச் சுருங்குவதைப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஒரே ஒரு சிக்கல்: உலோகத்தைக் காற்றில் சூடாக்கினால் அதன் எடை கூடுகிறது. வெளியே போனபின் எடை எப்படிக் கூடும்? சிலர் ஃபுளோஜிஸ்டனுக்கு எடை பூஜ்யத்துக்கும் கீழே என்று வாதாடினார்கள். ஒரு கருத்தைக் காப்பாற்ற மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் அந்துவான் லவாய்சியே 1774இல் வெள்ளீயத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அடைத்து மூடிச் சூடாக்கினார். உலோகம் மாறியது, ஆனால் மூடிய பாத்திரத்தின் மொத்த எடை மாறவில்லை. திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது. வெளியே எதுவும் போகவில்லை, காற்றிலிருந்துதான் ஏதோ உலோகத்தோடு சேர்ந்திருக்கிறது. பின்னர் பாதரசத்தை 12 நாள் இடைவிடாமல் சூடாக்கி, குறைந்த காற்று எவ்வளவு என்று அளந்தார். உண்டான செந்தூளை மீண்டும் சூடாக்கி, ஏறக்குறைய அதே அளவு வாயுவைத் திரும்ப வாங்கினார். அந்த வாயுதான் ஆக்சிஜன். லவாய்சியேவின் பிழைப்பு அரசுக்காக வரி வசூலிக்கும் குழுமத்தில் பங்குதாரர். அந்த வேலைக்காகத்தான் 1794இல் கில்லட்டினில் தலை போனது. வரவுக்கும் செலவுக்கும் கணக்கு இடிக்கக் கூடாது என்ற பழக்கத்தை அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார் என்று எனக்குத் தோன்றும். 1789இல் அவர் வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள். ஒளியும் வெப்பமும் அதில் தனிமங்கள்! அவற்றைத் தராசில் வைக்க அவருக்கு வழி இருக்கவில்லை.

தராசிலிருந்து அணுவுக்கு எப்படிப் போவது? இங்கேதான் ஜான் டால்ட்டன் என்ற ஆங்கிலேயர் வருகிறார். அந்த 1803 பட்டியல் அவருடையதுதான். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு வாயுக்கள் உண்டாகின்றன. இன்றைய எண்களில் சொன்னால், 12 கிராம் கார்பனோடு 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. 32 கிராம் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு. நடுவில் 20 கிராம் சேர்த்து ஒரு புது வாயுவை உண்டாக்கிப் பாருங்கள், வராது. 27? வராது. கிடைப்பது இந்த இரண்டின் கலவைதான். பொருள் என்பது எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கி அரைக்கக்கூடிய மாவு போன்றதாக இருந்தால் இந்தப் பிடிவாதம் எதற்கு? சரிவுப்பாதை இருக்க வேண்டிய இடத்தில் படிக்கட்டு இருக்கிறது. படிக்கட்டு இருந்தால் படி இருக்க வேண்டும். ஒரு கார்பன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு, அல்லது இரண்டு. ஒன்றரை என்பது கிடையாது. அணுவுக்கான வாதத்தில் எனக்கு இன்றும் மிகப் பிடித்தது இதுதான். நுண்ணோக்கி வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம். ஒரு நல்ல தராசும், கிடைத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பொறுமையும் போதும்.

ஆனால் டால்ட்டனின் அணு எடைகள் தப்பு. ஹைட்ரஜன் 1 என்று வைத்து 1803இல் ஆக்சிஜனுக்கு 5.5 என்றார், 1808இல் 7 என்றார். இன்றைய மதிப்பு ஏறக்குறைய 16. எடைபோட்டதில் கொஞ்சம் பிழை. அதைவிடப் பெரியது அவருடைய ஊகம்: நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டார். வேறு விகிதம் இருக்கும் என்று நினைக்க அவருக்குக் காரணம் இல்லை. அதே 1808இல் கே-லுசாக் என்ற பிரெஞ்சுக்காரர் வாயுக்களின் பருமனை அளந்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி ஆகிறது என்று காட்டினார். விடை கையில் வந்துவிட்டது. டால்ட்டன் என்ன செய்தார்? கே-லுசாக்கின் அளவீடு சரியில்லை என்று தள்ளிவிட்டார். அடுத்தவன் நோட்டில் இருந்த எண்ணுக்கே ரப்பர்.

1811இல் அவகாட்ரோ என்ற இத்தாலியர், சம வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்து திரிகின்றன என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒத்துப்போகும் என்றார். அரை நூற்றாண்டு கேட்பாரில்லை. அந்த இடைக்காலக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு தகவல் போதும்: கெக்குலே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1861இல் வெளியிட்ட பாடநூலில் அசெட்டிக் அமிலத்துக்கு அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த வாய்பாடுகளாக 19 இருந்தன. ஒரே பொருளுக்கு 19 வாய்பாடு. இந்தக் கூத்தை முடிக்கத்தான் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலாளர்கள் கூடினார்கள். கூட்டம் எதையும் தீர்மானிக்காமல் கலைந்தது. கலையும் நேரத்தில் கன்னிசாரோ என்ற இத்தாலியரின் சிறு வெளியீடு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவகாட்ரோவின் கருத்தை வைத்து அணு எடைகளை எப்படி ஒழுங்காகக் கணக்கிடுவது என்று அதில் இருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் 26 வயது ரஷ்யர் ஒருவரும் உண்டு. திமீத்ரி மெண்டலீவ்.

தனிம அட்டவணையைச் சுவரில் தொங்குகிற படமாகப் பார்த்தே பழகிவிட்டோம். 118 கட்டம், வண்ணம் வேறு. மனப்பாடம் செய்ய முதல் 20. நானும் அப்படித்தான் அதை வெறுத்தேன். அது ஒரு வாதம் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. 1869இல் மெண்டலீவின் கையில் இருந்தவை 63 தனிமங்களும், ஓரளவு நம்பத்தகுந்த எடைகளும். எடை வரிசையில் வைத்துக்கொண்டே போனால் குணங்கள் சுற்றித் திரும்பி வருகின்றன. லித்தியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39. மூன்றும் மென்மையான உலோகங்கள், மூன்றும் நீரோடு சண்டைக்குப் போகும். நடுவில் உள்ளதன் எடை மற்ற இரண்டையும் கூட்டியதில் சரிபாதி. இதைப் போன்ற மும்மைகளை டோபரைனர் முன்பே கண்டிருந்தார். எட்டுக்கு எட்டு திரும்பி வருகிறது என்று நியூலாண்ட்ஸ் சொன்னபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டுச் சிரித்தார்கள். மெண்டலீவ் செய்த கூடுதல் காரியம், ஒத்துவராத இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டது. விட்டதோடு நிற்காமல், அங்கே வரப்போகிறவரின் குணங்களையும் எழுதிவைத்தார். ‘ஏக அலுமினியம்’, ‘ஏக சிலிக்கான்’ என்று பெயர். ஆம், சமஸ்கிருத ‘ஏக’தான்.

1875இல் லெகாக் த புவாபோத்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் காலியத்தைக் கண்டுபிடித்தார். அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், இது என் ஏக அலுமினியம், அடர்த்தி 5.9 இருக்க வேண்டும், உங்கள் மாதிரி தூய்மையாக இல்லை, திரும்ப அளந்து பாருங்கள் என்றார். அவர் தூய்மையாக்கித் திரும்ப அளந்தார். 5.9.

இந்தக் கதையை எல்லாப் புத்தகமும் சொல்லும். சொல்லிவிட்டு, அறிவின் வெற்றி என்று கைதட்டிவிட்டுப் போகும். எனக்கு இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது டெல்லூரியம். டெல்லூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடை வரிசைப்படி அயோடின் முதலில் வர வேண்டும். ஆனால் அயோடின் குளோரின், புரோமின் குடும்பத்துக் குழந்தை. யார் பார்த்தாலும் தெரியும். எனவே மெண்டலீவ் குணத்தைப் பார்த்து டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். சரியான முடிவு. ஆனால் எண் உறுத்தியது. 1869 அட்டவணையில் டெல்லூரியத்துக்கு 128 என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். 1871 அட்டவணையில் 125 என்று எழுதிவிட்டார்.

அதே ரப்பர்! அதே 6ஐ 2 ஆக்குகிற கை. எடையை அளந்தவர்கள் தப்பு செய்திருப்பார்கள் என்று நம்பினார். காலியத்தில் அந்த நம்பிக்கை பலித்தது. டெல்லூரியத்தில் பலிக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் எத்தனை முறை தூய்மையாக்கி எடைபோட்டாலும் அது அயோடினைவிடக் கீழே இறங்க மறுத்தது. ஒரே மனிதர், ஒரே துணிச்சல், ஒரே அட்டவணை. ஒரு முறை சரி, ஒரு முறை தப்பு. காலியம் கதையில் அவர் திரும்ப அளக்கச் சொன்னார், டெல்லூரியம் கதையில் அளப்பதற்கு முன்பே எழுதிவிட்டார் என்பதுதான் என் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

இப்போது என் நாயகன். ரேலி பிரபு இங்கிலாந்துக்காரர், இயற்பியலாளர். 1815இலிருந்தே ஒரு கருத்து உலவிக்கொண்டிருந்தது: எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் முழு மடங்குகள் என்று ப்ரவுட் சொன்னது. அழகான கருத்து. குளோரினின் 35.5 மட்டும் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தது. இதைச் சோதிக்கத்தான் ரேலி வாயுக்களின் அடர்த்தியை ஆண்டுக்கணக்காக அளந்தார். ஹைட்ரஜன், ஆக்சிஜன் முடிந்து நைட்ரஜனுக்கு வந்தார். நைட்ரஜனை இரண்டு வழியில் எடுத்தார். ஒன்று, காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி. மற்றது, அமோனியாவிலிருந்து. இரண்டும் நைட்ரஜன்தானே, ஒரே அடர்த்தி வர வேண்டும். வரவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்.

ஆயிரத்தில் ஒன்று! என் 10.6க்கும் 10.2க்கும் நூற்றுக்கு நாலு வித்தியாசம். அதையே நான் தூசு மாதிரி தட்டிவிட்டேன். ரேலி செய்தது வேறு. 1892இல் நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: இப்படி இரண்டு எண் வருகிறது, காரணம் புரியவில்லை, வாசகர்கள் யாராவது யோசனை சொல்வீர்களா என்று. நாடறிந்த விஞ்ஞானி, தன் கணக்கு இடிக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறார். அடுத்து அவர் செய்ததுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்கவில்லை, பெருக்கப் பார்த்தார். முதலில் அவர் அமோனியா வழியில் எடுத்த நைட்ரஜனில் ஒரு பகுதி காற்றிலிருந்து வந்தது. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தி, நைட்ரஜன் முழுதும் அமோனியாவிலிருந்தே வரும்படி செய்தார். வித்தியாசம் இருநூற்றில் ஒன்றாக வளர்ந்தது. காற்றிலிருந்து வந்தது லிட்டருக்கு 1.257 கிராம், வேதிப்பொருளிலிருந்து வந்தது 1.250 கிராம். வித்தியாசம் பிழையாக இருந்தால் ஆட்டம் போடும். இது ஒழுங்காக வளர்கிறது என்றால் அங்கே ஏதோ ஆள் இருக்கிறது.

ஆள் இருந்தது. வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளர், காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீசியம் விழுங்கிவிடும். விழுங்காத ஒன்று மிஞ்சியது. 1894இல் இருவரும் அறிவித்தார்கள்: காற்றில் யாருக்கும் தெரியாத ஒரு வாயு இருக்கிறது. எதோடும் சேராததால் சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள். காற்றில் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. கார்பன் டைஆக்சைடைவிட இருபது மடங்குக்கு மேல். மனிதகுலம் முழுதும் மூச்சுக்கு மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருந்த வாயு!

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. 1785இலேயே ஹென்றி கேவண்டிஷ், காற்றோடு ஆக்சிஜனைக் கலந்து மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை எல்லாம் தீர்க்கப் பார்த்தார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மிஞ்சியது. எடுத்த நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று எழுதிவைத்தார். என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அழிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அந்தக் குமிழி காகிதத்தில் காத்திருந்தது. ரேலியும் ராம்சேயும் அதைத் தேடிப் படித்தார்கள்.

தொடர்ந்து ராம்சே ஹீலியத்தை ஒரு கனிமத்திலிருந்து பிரித்தார். 1898இல் நியான், கிரிப்டான், செனான் வரிசையாக வந்தன. அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் கூடவில்லை, ஒரு முழுத் தொகுதியே கூடியது. மூன்றாவது தசம இலக்கத்தில் இருந்த தகராறு, சுவரில் தொங்கும் படத்தின் வலது ஓரத்தில் ஒரு நெடுக்கு வரிசையாகி நிற்கிறது. 1904இல் இயற்பியல் நோபல் ரேலிக்கு, வேதியியல் நோபல் ராம்சேவுக்கு.

மெண்டலீவுக்கு ஆர்கான் பிடிக்கவில்லை. அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. தவிர அதன் எடை 40, அடுத்துள்ள பொட்டாசியத்தின் எடை 39. மறுபடியும் டெல்லூரியம் மாதிரி தகராறு. மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாமே, மூன்று 14 கிட்டத்தட்ட அதே எடைதானே என்றார். பெரியவர்களும் ரப்பரைத் தேடுவார்கள் என்று தெரிவதில் ஒரு ஆறுதல்.

தகராறைத் தீர்த்தவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். 1913இல், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே அளவு படியாக ஏறிக்கொண்டே போனது. மறுபடியும் படிக்கட்டு. ஆக, வரிசையைத் தீர்மானிப்பது எடை இல்லை, அணுக்கருவின் மின்சுமை. இன்று நாம் சொல்லும் அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. டெல்லூரியம் 52, அயோடின் 53. ஆர்கான் 18, பொட்டாசியம் 19. டெல்லூரியத்தை மெண்டலீவ் வைத்த இடம் சரி. மாற்றிய எடைதான் தப்பு. 43, 61, 75 ஆகிய படிகளில் ஆள் இல்லை என்றும் மோஸ்லியின் வேலை காட்டியது. பிறகு மூன்றும் கிடைத்தன. அவர் 1915இல் முதல் உலகப் போரில் கலிப்போலியில் இறந்தபோது வயது 27.

அப்படியானால் எடை ஏன் முன்பின்னாக இருக்கிறது? ஒரே தனிமத்தின் அணுக்களில் நியூட்ரான்கள் கூடக்குறைய இருக்கலாம், அவை ஐசோடோப்புகள். அட்டவணையில் அச்சடித்திருப்பது சராசரி. குளோரினின் 35.5, உண்மையில் 35ம் 37ம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்று கலந்த கூட்டத்தின் சராசரி, எடை 35.5 உள்ள ஒரு குளோரின் அணு உலகில் எங்கும் இல்லை. பாவம் ப்ரவுட், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆர்கானின் காரணம் இன்னும் வினோதம். பாறைகளில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ளது, நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) 40. அது 125 கோடி ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும் வேகத்தில் சிதையும்போது அதில் ஒரு பகுதி ஆர்கான் 40 ஆகிறது. நம் காற்றில் உள்ள ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் அப்படி வந்ததுதான். பொட்டாசியத்தைவிட ஆர்கான் கனமாக இருப்பதற்குக் காரணம், அது பொட்டாசியத்தின் வயிற்றில் பிறந்தது!

அணுவின் உள்ளே என்ன என்பதை நான் வேகமாகவே கடந்துபோகிறேன். எல்லாப் புத்தகமும் அதைத்தான் முதலில் சொல்கிறது. 1897இல் தாம்சனின் எலக்ட்ரான், 1911இல் ரூதர்ஃபோர்டின் அணுக்கரு, 1932இல் சாட்விக்கின் நியூட்ரான். ஒரு தொகுதியில் உள்ளவை ஒரே மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம் வெளிக்கூட்டில் ஒரே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள். ஒரே ஒரு முறைப்பாடு: அந்தப் படம். அணுவை 1 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெருக்கினால் கரு சுமார் 1 சென்டிமீட்டர்தான் இருக்கும். புத்தகப் படத்தில் கருவைக் கோலிக்குண்டு அளவுக்குப் போட்டுவிடுகிறார்கள். வேறு வழியில்லை, காகிதம் சின்னது. அதைப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மோலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாணவர்கள் மிரளும் இடம் அது. மோல் என்பது ‘டஜன்’ மாதிரி ஓர் எண்ணிக்கைச் சொல், அவ்வளவுதான், 6.02214076 × 10²³. இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். 18 கிராம் நீரில், அதாவது இரண்டு வாய் நீரில், அவ்வளவு மூலக்கூறுகள். வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் எண்ணினாலும் முடிக்க 1900 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி. எண்ண முடியாததால் நிறுக்கிறோம். அணு எடையைக் கிராமில் எடுத்தால் ஒரு மோல். டால்ட்டன் தொடங்கிய பட்டியலின் முழுப் பயனும் இதில் இருக்கிறது: தராசுத் தட்டில் வைத்துக்கொண்டே அணுக்களை எண்ணலாம்.

இதில் கடைசிக் காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1889இலிருந்து கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே செவ்ரில் பூட்டிவைத்த ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளை. அதன் நகல்களை நூறு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டபோது பலவற்றில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம். நகல்கள் கூடினவா, மூலம் குறைந்ததா? கேட்கவே முடியாது. மூலத்தில் ஒரு துண்டை உடைத்தாலும் வரையறைப்படி அதுதான் 1 கிலோ! அழிக்கவும் முடியாத, நம்பவும் முடியாத எண். இதைத் தீர்க்கும் வேலையின் ஒரு பகுதியாக, ஏறக்குறைய முழுதும் சிலிக்கான் 28 ஆன, ஒரு கிலோ எடையுள்ள உருண்டைகளைச் செய்து, அவற்றில் எத்தனை அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு உருளை கிடையாது. பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் எண்ணிலிருந்து வரையறுக்கிறார்கள். அவகாட்ரோ எண்ணும் அன்றே அளக்க வேண்டிய எண் என்ற நிலையிலிருந்து நிர்ணயித்த எண்ணாக மாறியது. எடையிலிருந்து அணுவைக் கண்டுபிடித்தவர்கள், 200 ஆண்டு கழித்து, அணுக்களை எண்ணி எடையைச் சரிபார்த்திருக்கிறார்கள்.

என் 10.6க்கு வருகிறேன். கல்லூரி முதலாம் ஆண்டில் ஒரு நாள் மறுபடியும் முதல் அளவு மட்டும் கூடி வந்தது. அழிக்கலாமா என்று பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தபோது ஆய்வக உதவியாளர் வந்து நின்றார். பியூரெட்டைக் கழற்றாமலே குனிந்து, அடியில் இருக்கும் திருகைத் தட்டிக் காட்டினார். “திருகுக்குக் கீழ முனையில காத்து நிக்கும் தம்பி. அத வெளியேத்திட்டீங்களா? இல்லன்னா மொத தடவை எறங்குற கரைசல் அந்த எடத்த ரொப்பிட்டுத்தான் வெளிய வரும். கணக்குல ஏறும், குடுவையில விழாது.” இரண்டாம் முறை முனை நிறைந்திருக்கும், அதனால் அளவு சரியாகிவிடும். அவர் சொல்லி முடிப்பதற்குள் பள்ளி நோட்டின் அந்தப் பக்கம் கண்முன் வந்துவிட்டது. 10.6, 10.2, 10.2.

0.4 மில்லிலிட்டர் என்பது கிட்டத்தட்ட அந்த முனைக்குள் அடங்குகிற காற்று. நான் அழித்தது ஒரு குமிழி.